நீலியாற்றுக்கு வழி

"அம்மா, எதிர்க்கணும்னு தெரியுது. எதை வச்சு எதிர்க்கிறதுன்னுதான் தெரியல" என்றார் தணிகாசலம்.

குமுதவல்லி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

தணிகாசலம் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட வயதில் நன்றாகவே மூத்தவர். ஆனாலும் மலையடிவாரத்தில் இருந்த அம்மாவின் சின்ன மடத்தைத் தேடி வந்து சீடராகச் சேர்ந்துவிட்டார். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை சார் என்பார். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

மடத்துத் தோட்டம் முடிகிற இடத்தில் நீலியாற்றுப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. உள்ளே புதரும் பாறையும்தான். யாரும் போவதில்லை. ஆற்றின் சத்தம் மட்டும் வெளியே வரும்.

அதன் வழியாக அருவி வரைக்கும் சைக்கிள் பாதை போடப்போவதாக ஊர்க்கூட்டத்தில் சொன்னார்கள். சொன்னவர் ஆரோக்கியராஜ் என்கிற சுற்றுலா அதிகாரி. இளவயது, மரியாதை தெரிந்தவர். தணிகாசலம் எழுந்து, கூடாது என்றார். அதிகாரி கோபப்படவில்லை.

"உள்ள அப்படி என்ன சார் இருக்கு? சைக்கிள் போனா எது கெட்டுப்போகும்? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

தணிகாசலத்துக்குச் சொல்லத் தெரியவில்லை.

பின்வரிசையில் ஒரு குரல், "சாருக்கு மட்டும் தனியா ஒரு ஆறு வேணுமாம்" என்றது. கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை.

"நானே உள்ள போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்மா. என்னென்ன இருக்குன்னு போட்டோவோட காட்டினா, அப்புறம் யாரும் பேச மாட்டாங்க."

"எந்த வழியாப் போவீங்க?"

"வழியே கிடையாதேம்மா."

"சரி" என்றார் அம்மா. கீரைக் காம்புகளை வாரிக் கூடையில் போட்டார்.

*

முதல் நாள் சட்டை கிழிந்து திரும்பினார்.

சமையல்காரர் பேச்சிமுத்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரோட சண்டை சார்?"

"உண்ணிச்செடி முள்ளோட."

"பார்த்தாலே தெரியுது யாரு ஜெயிச்சான்னு."

மறுநாள் அடுப்படி அரிவாளையும் எடுத்துப் போனார். அன்றைக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் சுலபம்.

உள்ளே ஒரு மருத மரம். அதன் கீழே ஒரு பாறை. பாறைக்கு எதிரே நீர்நாய்கள் குட்டி போட்டிருந்தன. கரைமண்ணில் துளை போட்டு மீன்கொத்தி குடியிருந்தது. தணிகாசலம் போட்டோ எடுப்பார். பிறகு எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருப்பார். கட்டிக்கொண்டு போன இட்லி பல நாள் அப்படியே திரும்பி வந்தது.

சாயங்காலம் மடத்தில் வேறு பேச்சே கிடையாது.

"இப்பல்லாம் கையை வீசிக்கிட்டே போறேன்மா. ஒரு முள்ளு தட்டுறதில்ல."

அம்மா அவரைப் பார்த்தார். எழுந்தார்.

"வாங்க. பார்க்கலாம்."

தணிகாசலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவே ஆற்றைப் பார்க்க வருகிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தோட்டத்தின் கடைசி வாழையருகில் அம்மா நின்றுவிட்டார். அவர் காலடியில் தொடங்கி, வெளுத்து, தேய்ந்து, கோடு போட்டதுபோல ஒரு தடம் பள்ளத்தாக்குக்குள் போயிற்று.

அதையே வெகுநேரம் பார்த்தார்.

"நான் இங்கேயே நிக்கறேன் சார். நீங்க போய்ட்டு வாங்க."

*

மருத மரத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. அவருடைய பாறையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"மெதுவா வாங்க சார்" என்று கிசுகிசுத்தார் ஆரோக்கியராஜ். "குட்டிங்க வெளிய வருது."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அதிகாரி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் இருந்தார்.

குட்டிகள் உள்ளே போன பிறகு தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். இந்தத் திட்டத்துக்கு ஏற்கனவே ஒரு நடைபாதை இருந்தாகணும். புதுசா வெட்ட எங்களுக்கு அனுமதி கிடையாது. எங்கெங்கயோ தேடினோம். கடைசியில பார்த்தா மடத்துக்குப் பின்னாடியே இவ்வளவு நல்ல பாதை. சைக்கிளை விட்டு இறங்கவே இல்ல நான். மழை முடிஞ்சதும் குழு வந்து பார்த்துட்டுப் போயிட்டா வேலை ஆரம்பிச்சிடும்."

தணிகாசலம் கையை உருவிக்கொண்டார். அவசரமாகப் போனை எடுத்தார்.

"இதைப் பாருங்க தம்பி. இதையும் பாருங்க. இதெல்லாம் கெட்டுப்போயிடும்."

ஆரோக்கியராஜ் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அருமையா இருக்கு சார். விளம்பரத்துக்கு இதையே குடுத்துடுங்களேன்."

*

அம்மா வாழையடியில் அப்படியே நின்றிருந்தார். தணிகாசலம் நடந்ததைச் சொன்னார்.

"நான்தான்மா பாதை போட்டுக் குடுத்திருக்கேன். என் காலாலேயே."

அம்மா வாழையின் காய்ந்த சருகை உரித்துப் போட்டார்.

"நாளைக்கே முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிடறேன்."

"அடைச்சா, அடைக்கிற அளவுக்கு அங்க ஒரு வழி இருக்குன்னு ஆயிடும்."

"குறுக்கே பள்ளம் எடுக்கறேன்."

"யாராவது பலகை போடுவாங்க."

"அப்ப நான் என்னதான்மா பண்றது?"

"தோட்டத்துல களை மண்டிக் கிடக்கு" என்றார் அம்மா.

*

போகாமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

விடிந்ததும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் நீர்நாய்கள் சீழ்க்கையடிப்பது கேட்கும். தணிகாசலம் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு வேகவேகமாகக் கொத்துவார்.

"சார், அது வெண்டைச்செடி" என்பார் பேச்சிமுத்து. "அது என்ன பாவம் பண்ணுச்சு?"

ஒருநாள் தாங்கமுடியாமல் அம்மாவிடம் போய் நின்றார்.

"ஒரே ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன்மா. குட்டிங்க நீந்தக் கத்துக்கிச்சான்னு மட்டும் பார்த்துட்டு."

"ஒரு தடவைன்னுதான் சார் எல்லாரும் வருவாங்க."

அவர் திரும்பிப் போய்க் களைக்கொட்டை எடுத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. ஆற்றின் சத்தம் கனத்தது. தோட்டத்தில் வேலை ஓயவில்லை. ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. பேச்சிமுத்து வைக்கும் ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒருநாள் கை கழுவும்போது, காலையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வருத்தம் வர வேண்டுமே என்று பார்த்தார். வரவில்லை.

*

கார்த்திகையில் மழை விட்டது. மடத்து வாசலில் ஜீப் வந்து நின்றது.

தணிகாசலம் அம்மாவிடம் ஓடினார். "குழு வந்திருக்கும்மா. வழி காட்டச் சொல்லி என்னைத்தான் கேக்கறாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது."

"காட்டுங்க."

"அம்மா?"

"கேட்டா காட்டத்தானே வேணும்."

அவர் முன்னால் நடந்தார். குழு பின்னால் வந்தது. கடைசி வாழையைத் தாண்டியதும் நெஞ்சளவுக்குப் பச்சை எழுந்து நின்றது.

"இப்படித்தான்" என்று நுழைந்தார். கொஞ்ச தூரத்தில், அதுவரை பார்த்தேயிராத ஒரு பாறை மறித்தது. திரும்பி வந்து இடப்பக்கம் போனார். முட்டிவரை கால் சேற்றில் இறங்கியது. வலப்பக்கம் கொடிகள் காலைச் சுற்றின. அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே தேடினார். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

ஆரோக்கியராஜும் தேடினார். "இங்க ஒரு மருத மரம் இருந்துச்சே சார்."

"இருந்துச்சு."

"எங்க?"

"தெரியல தம்பி. சத்தியமாத் தெரியல."

குழுவின் தலைவர் கணுக்காலிலிருந்து அட்டையைப் பிய்த்துப் போட்டார். "என்னப்பா ஆரோக்கியராஜ், இதுல ஆடே போகாது. சைக்கிள் எங்க போகும்? பாதை இல்லேன்னு எழுதிக்கிட்டுக் கிளம்புவோம். பசிக்குது."

விஷயம் அவ்வளவில் முடிந்தது. ஜீப் போய்விட்டது.

*

ஆரோக்கியராஜ் மட்டும் தங்கினார். தன் சைக்கிளில்தான் வந்திருந்தார். பேச்சிமுத்து எல்லாருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தார். அம்மாவும் வந்து உட்கார்ந்தார்.

"திட்டம் போனாப் போகுது சார்" என்றார் ஆரோக்கியராஜ். "அந்தக் குட்டிங்களை இன்னொரு தடவை பார்த்துடலாம்னு இருந்தேன்."

"நானும்தான் தம்பி."

சொன்ன பிறகு தணிகாசலத்துக்கு மனசு லேசாக இருந்தது. மூவரும் காப்பியைக் குடித்தார்கள். ஆற்றின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆரோக்கியராஜ் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. சார் வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடியிருந்து இங்கேயே இருக்கறவங்க. நீங்க எந்த வழியாப் போவீங்க?"

"நான் போனதில்ல தம்பி."

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட."

"இத்தனை வருஷமா இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. உள்ள போய்ப் பார்க்கணும்னு ஆசையே வரலியாம்மா?"

அம்மா பள்ளத்தாக்கின் பக்கம் பார்த்தார்.

"தினமும் வருது" என்றார்.