கரிச்சானின் அடிக்குரல்

மேலைக்காட்டிலிருந்து கீழைக்காட்டிற்குக் குடிவந்திருந்தாள் குழலி என்னும் கரிச்சான் குருவி. அடிக்குரல், நடுக்குரல், உச்சக்குரல் மூன்றிலும் கூவ வல்லவள். அந்தப் பெருமையும் அவளுக்கு நிறைய உண்டு.

காட்டுக்குக் காடு முறை வேறு. மேலைக்காட்டில் ஆபத்துச் செய்திக்கென்று அடிக்குரலை ஒதுக்கியிருந்தார்கள். அது மரத்தையும் பாறையையும் கடந்து நெடுந்தொலைவு செல்லும். கீழைக்காட்டிலோ அடிக்குரல் தவளைகளுக்கு உரியது. அங்கே ஆபத்தை நடுக்குரலில் கூவுவார்கள். அது வெகுதூரம் போகாது. ஆகவே கேட்டவர் வாங்கி அடுத்த மரத்துக்குக் கூவுவார். உச்சக்குரல் இரு காடுகளிலும் ஊர்வம்புக்கு மட்டுமே. நிறையப் பேசலாம், பக்கத்துக் கிளையைத் தாண்டாது.

"ஒரே கூவலில் முடியும் வேலைக்கு ஊரையே கூப்பிடுவதா?" என்று சிரிப்பாள் குழலி.

"எங்கள் வழக்கம் அதுதானடி! வாழ வந்த இடத்தில் நீ கற்றுக்கொள்ளக் கூடாதா?" என்பாள் அவள் தோழி செவ்வந்தி. செவ்வந்தி ஒரு சருகுமான். புதிதாய்ப் பிறந்த குட்டியுடன் ஆற்றின் நடுத்திட்டில் இருந்தாள்.

ஐப்பசி மழை வலுத்தது. மலைமுகட்டில் அமர்ந்திருந்த குழலி திடுக்கிட்டாள். காட்டாறு செந்நீராய்ப் புரண்டு வந்துகொண்டிருந்தது! திட்டோ வெகு கீழே இருந்தது. பறந்து போனால் வெள்ளம் முந்திவிடும். வெள்ளத்தை முந்தக்கூடியது குரல் ஒன்றுதான்.

"வெள்ளம்! கரையேறு!" என்று அடிக்குரலில் முழங்கினாள்.

தவளைகளின் கல்யாண ஆரவாரத்தில் சொற்கள் கரைந்துபோயின. திட்டில் ஒரு புல்லும் அசையவில்லை. இன்னும் உரக்க முழங்கினாள்.

"பாடகியம்மா, சுருதி சேரவில்லை! எங்கள் மாப்பிள்ளை ஓடிவிடப் போகிறார்!" என்று பாறையடிச் சேற்றிலிருந்து கேலி செய்தார் தவளைத் தலைவர் மத்தளராயர்.

பக்கத்து மரத்து அணில் எட்டிப் பார்த்தது. "தவளைக் கல்யாணத்தில் உனக்கென்னடி வேலை?"

குழலிக்குச் சுரீரென்றது. 'என் குரல் சேர்கிறது. செய்திதான் சேரவில்லை!'

தொண்டை கம்மியிருந்தது. ஆயினும் அவள் விடுவதாக இல்லை. பெருமையை விழுங்கிவிட்டு நடுக்குரலுக்கு மாறினாள்.

"வெள்ளம்! திட்டில் இருப்பவர்களே, கரையேறுங்கள்!"

அணிலின் வால் விறைத்தது. அடுத்த நொடியே அச்செய்தியை வாங்கிக் கூவியது. அணிலிடமிருந்து மைனா வாங்கியது. மைனாவிடமிருந்து ஆற்றோரத்து மந்தி வாங்கியது. மந்தியின் கூவல் திட்டில் விழுந்ததும் செவ்வந்தி துள்ளி எழுந்தாள். குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு நீரில் பாய்ந்தாள். குட்டியின் குளம்பு கரையைத் தொட்டது. திட்டு செந்நீருக்குள் மறைந்தது.

குழலி பறந்து வந்து சேர்ந்தாள். "நான் முதலில் கூவியது உனக்குக் கேட்கவே இல்லையா?"

"நன்றாகக் கேட்டது," என்றாள் செவ்வந்தி, நடுங்கும் குட்டியை நக்கியபடி. "தவளைகள் இன்று கொஞ்சம் அதிகமாகக் கொண்டாடுகின்றன என்று கண்ணை மூடிக்கொண்டேன்."



எவ்வளவு உரக்கச் சொன்னாலும், கேட்பவர் செவி கொடுக்கும் குரலில் சொன்னால்தான் செய்தி போய்ச் சேரும்.