மடைப்பாவையும் குறை காணும் நம்பியும்

நெடுங்கரை என்றொரு நாடு இருந்த காலத்தில், மாறவேள் என்ற ராஜா அதை ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான், ஆனால் பொறுமை மருந்துக்கும் கிடையாது. காலையில் மாங்கொட்டை ஊன்றினால் மாலையில் ஊறுகாய் எங்கே என்று கேட்பார்.

அந்த நாட்டுக்குச் சோறு போட்டது ஒரு பெரிய ஏரி. அதன் மடை தண்ணீருக்கு அடியில் இருந்தது. வெள்ளம் வந்தால் ஒரு ஆள் மூழ்கிப் போய் மடை மூடியைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரை உடைந்துவிடும். போன மழைக்கு மூழ்கியவன் மேலே வரவே இல்லை. அடுத்து மூழ்க வேண்டியவன் அவனுடைய தம்பி சேந்தன். சேந்தனின் மனைவி காத்தாயி அரண்மனைக்கு வந்து ராஜாவின் முன்னால் நின்றாள். "எங்க வீட்டுல இன்னொரு ஆள அந்தத் தண்ணிக்குக் குடுக்க எனக்குத் தெம்பில்ல சாமி" என்றாள்.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடல் கடந்து ஆள் அனுப்பி ஒரு மரப்பாவையை வரவழைத்து ஏரிக்கரையில் நிறுத்தினார். தண்ணீரில் ஒரு மிதவை, அதோடு சேர்ந்து சுற்றும் ஒரு சக்கரம். சக்கரத்தில் எந்த இடத்தில் முளை அடிக்கிறோமோ, அந்த இடம் வந்ததும் பாவை சங்கிலியை இழுத்து மடையைத் திறக்கும், அல்லது மூடும். முளை சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது.

"முளை அடிக்க யார் தயார்?" என்று ராஜா கேட்டதுதான் தாமதம், அவையில் இருந்த அரையநம்பி சுத்தியலோடு எழுந்தார். அமைச்சர் நாற்காலி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அமைச்சர் ஆளவந்தான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நம்பி முளையை அடித்து முடித்து மாலையும் வாங்கிக்கொண்டார்.

மழை பெய்தது, தண்ணீர் ஏறியது, பாவை மடையைத் திறந்தது. திறந்தது திறந்ததுதான். மூடச் சொல்லி ஒரு முளை அடிக்க நம்பிக்குத் தோன்றவில்லை. பாதி ஏரி வாழைத் தோட்டங்களுக்குள் போய்விட்டது. பாவை மடப்பாவை என்று நம்பி அதன் மேல் பழியைப் போட்டார். அதை அடுப்பில் வையுங்கள், பழையபடி சேந்தனே மூழ்கட்டும் என்று ராஜா கத்தினார்.

ஆளவந்தான் கைகூப்பித் தனக்கு ஒரு வாய்ப்புக் கேட்டார். ராஜா ஒப்புக்கொண்டார். ஆனால், பாவை மறுபடி பிசகினால் அது அடுப்புக்குப் போகும், அமைச்சர் பதவி நம்பிக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். நம்பிக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

ஆளவந்தானோ சுத்தியலைத் தொடவே இல்லை. நேரே ராஜாவிடம் வந்து, பாவை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"மடையைத் திறக்க வேண்டும். இது தெரியாதா உமக்கு?"

"போன தடவை அதைத்தானே அரசே செய்தது?"

ராஜா விரல் விட்டு எண்ணினார். கரை உடையக் கூடாது, வயலுக்குத் தண்ணீர் மிஞ்ச வேண்டும், யாரும் மூழ்கக் கூடாது, இதுதான் தனக்கு வேண்டியது என்றார். பாவைக்கு என்ன தெரியும் என்று அடுத்த கேள்வி வந்தது. மிதவை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மழையும் தெரியாது, வாழைத் தோட்டமும் தெரியாது. அதனால் என்ன முடியும்? திறக்க முடியும், மூட முடியும்.

பிறகு அமைச்சர் தோட்டத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் விட்டார். சின்னதாக ஒரு மடையும் வைத்தார். தேங்காய்ச் சிரட்டைதான் மிதவை. ராஜாவைப் பாவையாக உட்காரச் சொன்னார். "நான் சொன்னதை மட்டும் செய்யுங்கள் அரசே. சொந்த புத்தி வேண்டாம்" என்றார். அரசவையே சிரித்தது. ராஜா சேறும் சகதியுமாக உட்கார்ந்து, குழிச்சுவரில் கீறிய ஒரு கோட்டைச் சிரட்டை தொட்டால் மடையைத் திறந்தார், அதற்குக் கீழே இறங்கினால் மூடினார். குடம் குடமாக ஊற்றிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக வந்தது. ராஜா உற்சாகமாக எழுந்து முளை அடிக்கலாம் என்றார்.

"இன்னும் இல்லை. இதை ஒருவர் உடைத்துப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு ஆளவந்தான் நம்பியைக் கூப்பிட்டார்.

நம்பிக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார், குப்புறப் படுத்தும் பார்த்தார். கடைசியில் முகம் மலர்ந்து, தண்ணீரில் கையை விட்டு அலசினார். சிரட்டை கோட்டுக்கு மேலும் கீழும் குதித்தது. ராஜா திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார், கை சோர்ந்து போனார்.

"புயல் அடித்தால் ஏரியில் இப்படித்தான் அலை எழும். சங்கிலி அறுந்துவிடும். கரையும் போகும்" என்றார் நம்பி.

ஆளவந்தான் குழியருகே உட்கார்ந்தார். பிறகு திறக்க மேலே ஒரு கோடு, மூட அதற்கு வெகு கீழே இன்னொரு கோடு என்று போட்டு, நம்பியையே மறுபடி அலசச் சொன்னார். நம்பி முழங்கை வலிக்க அலசினார். சிரட்டை குதித்தாலும் கீழ்க்கோடு வரை இறங்கவில்லை; ராஜா ஒருமுறை திறந்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நம்பி கையை எடுத்துவிட்டு, "இனி எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை" என்றார். அதன் பிறகுதான் முளை அடித்தார்கள்.

ராஜா இருவருக்கும் பட்டு வரவழைத்தார். நம்பி வாங்கவில்லை. தலை குனிந்து நின்றார்.

"அமைச்சரே, நான் உம்மைக் கவிழ்க்கத்தான் பார்த்தேன்."

"தெரியும். அதனால்தான் உம்மைக் கேட்டேன். என் மேல் பிரியம் உள்ளவர்கள் யாரும் குப்புறப் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்."

நம்பிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இனி நாட்டில் எந்த முளை அடிப்பதானாலும் முதலில் நம்பி குறை சொல்லட்டும் என்று ராஜா உத்தரவு போட்டார்.

ஐப்பசியில் புயலோடு மழை வந்தது. மூழ்க வேண்டியது தான்தான் என்ற பழைய நினைப்பில் சேந்தன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினான். அலை மிதவையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பாவை ஒரே ஒரு முறை சங்கிலியை இழுத்தது, மடை திறந்தது, அப்படியே நின்றது. என்ன செய்வது என்று தெரியாமல் சேந்தன் மழையில் நின்றுகொண்டிருந்தான். பின்னாலேயே ஓடிவந்த காத்தாயி அவன் கையைப் பிடித்து, "அது பாத்துக்கும். வா, சோறு ஆறுது" என்று வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.