சுத்தியலா, குறடா?

"தோட்டாவோட தலையைப் பிடுங்குறதுக்கு எந்தச் சாமான் நல்லதுன்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

அங்கன்வாடியில் எடை போடுகிற அன்றைக்கு நான் இப்படிக் கேட்டதும், பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை அம்மாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்காமல் என்ன செய்ய? என் மகள் தன்ஷிகா தராசுத் தொட்டிலை விட்டு இறங்கின கையோடு, சுலோச்சனாக்கா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "ஏம்புள்ள வளர்மதி, சோறு போடுறியா, காத்தைக் குடுத்து வளத்துறியா? நோஞ்சானா இருக்குது" என்று சொல்லிவிட்டார். அவர் மகன் அவர் மடியில் அரிசிச் சிப்பம் மாதிரி உட்கார்ந்திருந்தான். எங்கள் ஊரில் நோஞ்சான் என்று ஒருதரம் பேர் விழுந்தால் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூடவே வரும். அந்தப் பேரை அங்கேயே பிடுங்கி எறிந்தாக வேண்டும்.

"எங்க ஊட்டுக்காரருக்குத் துப்பாக்கி கிளப்புல தோட்டா அடைக்கிற வேலைன்னு தெரியுமல்லங்க்கா? பித்தளைக் கூட்டுல வெடிமருந்தை அளந்து போட்டு, மேல குண்டை வெச்சு அமுக்கோணும். அன்னைக்கு நானும் பாப்பாவோட அங்க போயிருந்தேன். அவர் அடைச்சிட்டு இருக்கையில பாப்பா சிரிச்சா. இவரும் சிரிச்சார். சிரிச்ச சிரிப்புல ஏதோ ஒரு தோட்டாவுக்கு ரெண்டு தரம் மருந்தைப் போட்டுட்டமோன்னு சந்தேகம் வந்திருச்சு. சுட்டாத் துப்பாக்கியே வெடிச்சிரும். எந்தத் தோட்டான்னு தெரியலை. அடைச்சு முடிச்சா எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதானே? அத்தனைக்கும் தலையைப் பிடுங்கி மருந்தைக் கொட்டோணும். விடிஞ்சாப் போட்டி."

"தேங்காயாட்டத் தட்டிப் பாத்தாத் தெரியாதாக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்த பிரேமா.

"தெரியும். ஆனா தெரிஞ்சுக்கறதுக்கு ஆள் இருக்காது."

பிரேமா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"கடையில ரெண்டு வகை வெச்சிருந்தாங்க. ஒண்ணு சுத்தியல் மாதிரி. அதுக்குள்ள தோட்டாவைக் கவுத்து மாட்டி, தரையில ஓங்கித் தட்டுனா குண்டு களண்டு விழுகும். இன்னொண்ணு குறடு மாதிரி. குண்டைக் கவ்விப் பிடிச்சுக்கும், கைப்பிடியை இழுக்கோணும். பொடவைக் கடையில நான் நிக்கிற மாதிரியே நின்னார் எங்க ஊட்டுக்காரர். 'ரெண்டையும் எடுங்க, ஆகாததைத் திருப்பிக் குடுத்துக்கலாம்'னேன்."

"அது நல்ல யோசனை" என்றார் டீச்சர், அடுத்த குழந்தையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டே.

"முதல்ல சுத்தியல். ஒரு தட்டு தட்டுனார். குண்டு அசையலை. பக்கத்துத் தோப்புல பாளையோட தேங்காய் விழுந்துச்சு. ரெண்டாவது தட்டுக்கு, பொள்ளாச்சி ரோட்டுல போன பஸ்ஸு நின்னு போச்சு. டயர் வெடிச்சிருச்சுன்னு டிரைவர் இறங்கி ஆறு சக்கரத்தையும் மாத்திட்டுப் போனார். மூணாவது தட்டுக்கு, ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வந்துச்சே எங்க போர், அதுல தண்ணி வந்திருச்சு."

"மோட்டார் இல்லாமயா?" என்றார் சுலோச்சனாக்கா.

"மோட்டார் எதுக்குங்க? மேல என்ன சத்தம்னு பாக்கறதுக்குத் தண்ணியே ஏறி வந்துச்சு. ஆனா குண்டு மட்டும் வரலை."

"அப்பறம் குறடா?"

"குறடுதான். கவ்விப் பிடிச்சுக்கிச்சு. எங்க ஊட்டுக்காரர் மூச்சைப் பிடிச்சு இழுத்தார். குண்டு வரலை, மேசை வந்துச்சு. மேசையோட தரை வந்துச்சு. தரையோட கிளப்புக் கட்டடமே ரெண்டு முழம் ஒசந்து நின்னுருச்சு. சுடுற பலகை மட்டும் பழைய எடத்துலயே இருக்குது. அதனாலதான் இன்னைக்கும் அங்க யார் சுட்டாலும் பலகைக்கு மேல போகுது. அவங்களுக்குச் சுடத் தெரியலைன்னு ஊர்ல பேசிக்கறாங்க, பாவம்."

பாயே குலுங்கியது. டீச்சருக்குத் தராசு முள்ளைப் பார்க்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர்.

"அவர் தலையில கையை வெச்சு உக்காந்துட்டார். 'போட்டியும் போச்சு, வேலையும் போச்சு'ங்கறார். அப்பத்தான் என் இடுப்புல இருந்த இந்த நோஞ்சான், அவர் கையில இருந்த தோட்டாவை எட்டிக் குண்டைப் பிடிச்சா."

"ஐயோ, வாயில வெச்சுட்டாளா?" பிரேமா பதறினாள்.

"வெக்க விடுவனா? அது ஈயம் புள்ள! கையாலதான். பிடிச்சா பாரு, விடலை. அவர் கூட்டைப் பிடிச்சு இழுத்தார். பொளக்! மருந்துல ஒரு பொட்டு சிந்தலை. அத்தனை தோட்டாவையும் அப்படியே முடிச்சுட்டு, பாலைக் குடிச்சுட்டுத் தூங்கிட்டா. கையைச் சோப்புப் போட்டுக் களுவி விட்டேன், அது வேற. மறுநாள் போர் வண்டிக்காரங்க வந்துட்டாங்க. அவங்க துளை போடுற கம்பி பாறையில சிக்கிக்கிச்சாம். பாப்பா அதைக் கட்டியிருந்த கயித்தைப் பிடிச்சா. கம்பி வந்துச்சு, பாறை வந்துச்சு, பாறைக்குக் கீழ போன வருசம் விழுந்த கோழி கூட வந்துச்சு, குஞ்சுகளோட."

சுலோச்சனாக்கா மகனைப் பாயில் இறக்கிவிட்டு எழுந்து வந்தார். "தராசுல புள்ளை ஏறலை, உன் பேச்சுத்தான் ஏறுது. எங்க, அந்தக் கையைக் காட்டு பாப்பம்" என்று குனிந்து தன்ஷிகாவின் கன்னத்தைக் கிள்ளினார்.

குனிந்ததில் தாலிக்கொடி முன்னால் தொங்கியது. தன்ஷிகா பிடித்துவிட்டாள்.

"ஏய், விடு கண்ணு."

விடவில்லை. டீச்சர் கிலுகிலுப்பையை ஆட்டினார். பிரேமா பிஸ்கட்டை நீட்டினாள். அதை இடது கையில் வாங்கிக்கொண்டாள். வலது கை அப்படியே இருந்தது.

"விரலைப் பிரிச்சு விடு புள்ள!"

பிரித்துப் பார்த்தேன். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் மூடிக்கொண்டது.

"கொடியைக் களட்டிக் குடுத்துட்டு நிமிந்துருங்கக்கா" என்றேன்.

"தாலியைக் களட்டச் சொல்றியா? நாக்குல வசம்பு வெக்க!"

குனிந்தபடியே நின்றார். அவர் மகன் அம்மாவின் முதுகு வாட்டமாக இருப்பதைக் கண்டு ஏற ஆரம்பித்தான்.

"ஏனுங்க்கா, இப்பச் சொல்லுங்க. எம்புள்ள நோஞ்சானா?"

"யாரு சொன்னா? யானைக்குட்டி! நெசமாலுமே யானைக்குட்டி!" பாயைப் பார்த்தபடியே பேசினார். "அம்மிணி, உனக்குப் புண்ணியமாப் போகுது. உங்க ஊட்டுக்காரருக்குப் போனைப் போட்டு அந்தச் சாமானைக் கொண்டாரச் சொல்லு."

"எதைக்கா? சுத்தியலா, குறடா?"

முதுகில் ஏறிவிட்ட மகனை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"சுத்தியல் வேண்டாஞ்சாமி. அந்தக் குறடே போதும், கொண்டாரச் சொல்லு, மெதுவா இழுக்கச் சொல்லு. அங்கன்வாடி ஒசந்துட்டா அப்பறம் பசங்க எப்படி ஏறி வருவாங்க?"