துண்டுக்கு அடியில் இங்கிலீஷ்

“ஒரு கப்பல் ஆளுங்களைக் கடல்ல கட்டிப்போட்டுட்டு, எங்கேயோ குளுகுளு ரூம்ல உக்காந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மொதலாளியா? உன் தொண்டையில சோறு எப்படி எறங்குது?”

கித்தேரியம்மா வள்ளத்தில் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, திறந்த கடலைப் பார்த்துக் கத்தினாள். கத்தி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, காய்கறிக் கூடையைக் கப்பலிலிருந்து தொங்கிய கயிற்றில் மாட்டினாள்.

மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கேப்டன் மத்வேய் கேட்டார்.

“தினமும் யாரைத் திட்டுகிறீர்கள்?”

“உம்ம மொதலாளியைத்தான்.”

“அவருக்குக் கேட்காது.”

“கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அவன் கேக்குற அன்னைக்கு என் தொண்டை கட்டிக்கிடக் கூடாதுல்லா? அதுக்குத்தான் பழகி வைக்கேன்.”

இருவரும் பேசியது இங்கிலீஷில். அவளுடைய இங்கிலீஷ் தூத்துக்குடித் தமிழின் ராகத்தில் ஓடும். அவருடையது படிக்கட்டில் மூட்டை இறக்குவதுபோல் ஒவ்வொரு சொல்லாக விழும். இங்கே இரண்டையும் தமிழிலேயே சொல்லிவிடலாம்.

ஒரு காலத்தில் தூத்துக்குடிக்கு ரஷ்யக் கப்பல்கள் வந்தால் கடைத்தெருவே திருவிழாவாகும். மாலுமிகள் கைக்கடிகாரம் கொண்டுவருவார்கள், மீன் டின் கொண்டுவருவார்கள். மிளகும் சட்டைத் துணியும் வாங்கிக்கொண்டு, தெருவில் பாடிக்கொண்டே போவார்கள். பிறகு அவர்கள் நாடே கலைந்தது. கப்பல்கள் கை மாறின. அப்படிக் கை மாறிய மத்வேயின் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நின்றது. அதை வாங்கியவன் முதலில் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தினான். அப்புறம் ஃபோன் எடுப்பதை நிறுத்தினான். மாற்று ஆட்களை அவன் அனுப்பினால்தான் இவர்கள் ஊருக்குப் போகலாம். ஆளில்லாத கப்பலைக் கடலில் விட்டுவிட்டுப் போக எந்தத் துறைமுகத்திலும் விட மாட்டார்கள்.

கித்தேரியம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போனவள் இல்லை. கூடையில் எலுமிச்சம்பழத்தோடு துறைமுகத்துக்குள் நுழைந்தவள், கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் ஏற்றும் அளவுக்கு வளர்ந்திருந்தாள். இங்கிலீஷும் மாலுமிகளிடம் விலை பேசியே வந்தது. அவளிடம் அடித்துப் பேசி விலை குறைத்த மாலுமி அதுவரை பிறக்கவில்லை.

அன்றைக்கு மத்வேய் கீழே இறங்கி வந்து சொன்னார். கரையிலிருக்கும் கப்பல் ஏஜெண்டிடமிருந்து தகவல் வந்திருக்கிறது. அடுத்த வாரம் முதலாளி ஃபோனில் வருவான். ஒரே ஒரு தடவை. அவனுக்கு ரஷ்யன் தெரியாது.

“எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கப்பலைத் திருப்புகிற இங்கிலீஷ். இடது, வலது, மெதுவாக, நிறுத்து. இதை வைத்து ஆட்களை எப்படி வீட்டுக்கு அனுப்புவது? சொல்லித் தருகிறீர்களா, டீச்சர்?”

“டீச்சரா? நான் வியாபாரி. சும்மா தர மாட்டேன்.”

“என்ன வேண்டும்?”

அவள் ஏணியில் ஏறி, கப்பலைச் செலுத்தும் அறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தாள். நடுவில் உயரமான நாற்காலி ஒன்று இருந்தது.

“பாடம் நடக்குற நேரம் நான் இதுல உக்காருவேன். நீர் நிக்கணும்.”

“அது கேப்டன் உட்காரும் நாற்காலி.”

“அதனாலதான் கேக்கேன்.”

“பாதி நேரம் நீங்கள், பாதி நேரம் நான்.”

“அப்ப எறங்கிப் போறேன்.”

அவள் நிஜமாகவே ஏணியில் கால் வைத்துவிட்டாள். மத்வேய் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தார். கீழே வள்ளத்தில் காத்திருந்த படகோட்டி சிலுவை அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

“யக்கா, கப்பலையே வெல பேசிட்டியளா?”

முதல் பாடம் அங்கே தொடங்கியது.

கண்ணாடிக்கு வெளியே, தூரத்துக் கரையில், உப்பளத்துக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. மத்வேய் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காலம்வரை தூத்துக்குடி என்றதும் அவர் கண்ணில் வந்து நின்றது அந்த வெள்ளைதான்.

“என்னத்தைப் பாக்கீர்?”

“பனி போல இருக்கிறது.”

“அதைச் சொல்லும். உம்ம ஊரைப் பத்திச் சொல்லும். வாய் பழகட்டும்.”

மத்வேய் சொல்லைத் தேடித் தேடி எடுத்தார்.

“என் ஊரில் பனி இருந்தது. ஆறு இருந்தது. ஆறு உறையும்போது சத்தம் கேட்டது. வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரம் இருந்தது. ஸோயா இருந்தாள். என் மனைவி. நன்றாகச் சிரித்தாள்.”

கித்தேரியம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

“எப்ப செத்தாள்?”

“சாகவில்லையே! வீட்டில் இருக்கிறாள்.”

“ஆறு வத்திப்போச்சா?”

“இல்லை.”

“ஆப்பிள் மரத்தை வெட்டிட்டாங்களா?”

“இல்லை, இல்லை. இருக்கிறது.”

“அப்புறம் என்ன எழவுக்கு எல்லாத்தையும் குழிக்குள்ள போட்டு மூடிப் பேசுதீர்? இப்படிப் பேசினா அவன் என்ன நெனப்பான்? இந்த ஆளுக்குத் திரும்பிப் போறதுக்கு ஒண்ணுமில்ல, இங்கேயே கெடக்கட்டும்னு நெனப்பான். திருப்பிச் சொல்லும்.”

மத்வேய் மறுபடி ஆரம்பித்தார். பனி இருக்கிறது. ஆறு இருக்கிறது. இந்த நேரத்தில் உறைந்துகொண்டிருக்கிறது. ஸோயா காத்திருந்தாள். காத்திருக்கிறாள். ஸோயா சிரிக்கிறாள் என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கித்தேரியம்மா உப்புக் குவியல்களைப் பார்த்தபடி இருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் அவர் கோபத்தோடு நின்றார்.

“இந்த மொழியைச் செய்தவன் யாரோ, பெரிய ஏமாற்றுக்காரன். எங்களுக்கு நேற்று என்றால் ஒரு நேற்று. இவன் ஒரு நேற்றுக்கு நாலு வைத்திருக்கிறான். அது போதாதென்று, செய்யலாம், செய்ய வேண்டும் என்று சொல்ல மே, குட், ஷுட், மஸ்ட். ஒரே சரக்குக்கு எதற்கு இத்தனை பெயர்?”

“ஒரே சரக்குன்னு உமக்கு யார் சொன்னா? நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு கப்பல் சமையக்காரன், நாளைக்கு உன் தக்காளியை எடுக்கலாம்னு ‘மே’ போட்டுச் சொன்னான். எடுப்பான்னு நம்பி வள்ளம் நிறையக் கொண்டுபோனேன். எடுக்காமலும் இருக்கலாம்கிறதும் அதுக்குள்ளயே இருக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வீட்டு முத்தத்துல அழுகிக் கெடந்துதே தக்காளி, அதுதான் எனக்கு வாத்தியார்.”

“அப்படியானால் எது எவ்வளவு பலம் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?”

கித்தேரியம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். சாயம் போன பழைய துண்டு.

“கையைக் கொண்டாரும்.”

மத்வேய் நீட்டினார். அவள் இருவர் கைகளையும் சேர்த்துத் துண்டால் மூடினாள். ஏணி வழியாகத் தண்ணீர்க் கேன் ஏற்றிக்கொண்டிருந்த சிலுவை இதைப் பார்த்துவிட்டான்.

“யக்கா, கேப்டன் ஓடிரவா போறாரு?”

“மூடிட்டு கேனைத் தூக்குல!”

பிறகு மத்வேயிடம் சொன்னாள்.

“எங்க அப்பா சங்குத் தரகரு. சந்தையில வாயால வெல சொன்னா பக்கத்துல நிக்கவன் கேட்டுருவான். அதனால துண்டுக்கு அடியில கை. வெரலைத் தொட்டுத்தான் பேச்சு. மேல சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. உள்ள கொல நடக்கும்.”

ஒரு விரல் நுனி அவருடைய உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

“இது மே.”

இரண்டு விரல்கள் தளர்வாகச் சுற்றின.

“இது குட்.”

உள்ளங்கை மேல் உள்ளங்கை முழுசாக வந்து உட்கார்ந்தது. கனமாக இருந்தது. ஆனாலும் உருவிக்கொள்ளலாம்.

“இது ஷுட். ஞாயத்தைச் சொல்லுது. விட்டுட்டு ஓடுறவன் இதுலயும் ஓடிருவான்.”

சட்டென்று அவருடைய மணிக்கட்டு இறுகியது. கூடை தூக்கியே உரமேறிய கை. மத்வேய் பல்லைக் கடித்தார்.

“இது?”

“மஸ்ட்.”

“உருவும் பாப்போம்.”

அவரால் முடியவில்லை. அவள் விட்டாள். அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“இப்படிப் பிடித்த பிறகும் அவன் இறங்கி வரவில்லை என்றால்?”

கித்தேரியம்மா துண்டை மடித்துத் தோளில் போட்டாள்.

“ஒரு நாள் பெரிய வியாபாரி ஒருத்தன் வந்தான். அப்பா துண்டுக்கு அடியில வெலயச் சொன்னாரு. அவன் சிரிச்சான், திட்டினான், கையை உருவிக்கிட்டுப் போற மாதிரி போனான், திரும்பி வந்து கையைக் குடுத்தான். அப்பா மறுபடி வாயத் தெறக்கல. வெரலையும் அசைக்கல. வெயில் ஏறிக்கிட்டே போகுது. ரெண்டு பேர் கையும் துண்டுக்குள்ள. சந்தையே வேடிக்கை பாக்குது.”

“பிறகு?”

“எனக்குப் பசிச்சுது. வீட்டுக்குப் போயிட்டேன்.”

மத்வேய் அன்று முழுவதும் அந்தக் கதையின் மிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஃபோன் வரும் நாள் வந்தது. கரையில் ஏஜெண்ட் ஆபீஸ் சின்னது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் கிறீச்சிடும் மின்விசிறி. நாற்காலியில் கித்தேரியம்மா உட்கார்ந்துகொண்டாள். மத்வேய் பாடத்தில் நிற்பதுபோலவே பக்கத்தில் நின்றார். அவருடைய இடது கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடினாள். ஏஜெண்ட் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மணி அடித்தது. மத்வேய் ஃபோனை எடுத்தார்.

“ஐயா, உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், ஒருவேளை உங்களால் முடியுமா…”

துண்டுக்கு அடியில் விரல்கள் நெரிந்தன. மத்வேய் நிறுத்தினார்.

அந்தப் பக்கத்துக் குரல் நயமாக இருந்தது. அன்புள்ள கேப்டன் என்றது. போன மாதமே அனுப்பியிருப்பேன் என்றது. அனுப்பியிருக்கவும் முடியும், ஆனால் சந்தை சரியில்லை என்றது. அடுத்த மாதம் அனுப்பினாலும் அனுப்பலாம் என்றது.

மத்வேய்க்கு வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் உள்ளங்கையில் ஒரு விரல் நுனியாகத் தொட்டுவிட்டு விலகுவது அவருக்கு அப்படியே தெரிந்தது. எதிலும் பிடி இல்லை. அவர் கித்தேரியம்மாவின் பிடிக்காகக் காத்தார். இப்போது இறுக்குவாள், இதோ இறுக்குவாள் என்று.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

துண்டுக்கு அடியில் அவர் கை தனியாகக் கிடந்தது. கடலில் வைத்துக் கயிறு அறுந்ததுபோல் ஒரு கணம் ஆடிப்போனார். பிறகு அந்தக் கை தானாக மூடிக்கொண்டது.

“நான் பேசுகிறேன். நீங்கள் கேளுங்கள்” என்றார். “என் சமையல்காரரின் மகளுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. அவர் இங்கே இருக்கிறார். என் மனைவி ஆற்றங்கரையில் இருக்கிறாள். இருந்தாள் இல்லை, இருக்கிறாள். இவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். இப்போதும் காத்திருக்கிறார்கள். நீங்கள் ஆள் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அனுப்பலாம் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். மாற்று ஆட்களை அனுப்பியாக வேண்டும். என் ஆட்களை ஊர் சேர்த்தாக வேண்டும்.”

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. இரைச்சல் மட்டும் ஓடியது.

மின்விசிறி சுற்றியது. மத்வேயின் நாக்கு நுனியில் வந்து நின்றது: தயவுசெய்து. முடிந்தால். அவர் ஃபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“அவன் பேசவே மாட்டேன் என்கிறான். இப்போது நான் என்ன சொல்வது?”

கித்தேரியம்மா எழுந்தாள். துண்டை உதறித் தோளில் போட்டாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

“உக்காரும், கேப்டன். எங்க அப்பா மாதிரி நீரும் வெலயச் சொல்லியாச்சு. இனி அவன் செய்யட்டும்.”