வெள்ளி வில்லையும் இலவச அதிரசமும்

அன்று ஆழித்துறை அரண்மனையில் இருந்தவர்கள்: ராஜா அழகம்பெருமாள், ராணி உலகுடையாள், கணக்கர் பிச்சமுத்து, கப்பல்காரர் சாத்தப்பர், சமையல்காரர் சொக்கலிங்கம், விகடர் கூத்தனார், வாசலில் காவலர் இருவர். ஆக எட்டுப் பேர். காவலரில் ஒருவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கழித்தால் ஏழு.

ராஜாவின் மார்பில் ஒரு வெள்ளி வில்லை தொங்கியது. சாத்தப்பர் கொடுத்தது. வருஷத்துக்கு நூறு பொன் கட்டணம். வில்லையைக் காட்டி, சாத்தப்பரின் கூட்டாளிகள் கடையில் பத்துப் பொன்னுக்குச் சாமான் வாங்கினால் ஒரு சோழி தருவார்கள். முந்நூறு சோழி சேர்ந்தால் ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம் மாதோட்டத்துக்குக் கப்பலில் இலவசமாகப் போய்வரலாம்.

ராஜா சோழி சேர்க்க ஆரம்பித்தார். மழை எட்டிப் பார்க்காத அந்தச் சீமையில் நாற்பது பட்டுக்குடை வாங்கியாகிவிட்டது. விளக்குகள் தனி.

"மாதோட்டத்தில் என் தங்கைக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நாளைக் கப்பலை விட்டால், அடுத்த கப்பல் வருவதற்குள் பிள்ளையே பிறந்துவிடும்" என்றாள் ராணி.

"கொஞ்சம் பொறு. பன்னிரண்டு சோழிதான் குறைகிறது. இன்னும் நாலே குடை."

சாத்தப்பர் இருமினார். "மகாராஜா, நாளைக் காலையோடு வருஷம் முடிகிறது. மறுபடி நூறு பொன் கட்டாவிட்டால் சேர்த்த சோழியெல்லாம் செல்லாது. அப்புறம், நாளை முகூர்த்த நாள். முகூர்த்த நாளில் சோழிக்கு இடம் தருவதில்லை."

கணக்கர் ஓலையை விரித்தார். ராஜா தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கணக்கு வேண்டாம்! கேட்டாலே மண்டை இடிக்கிறது. கூத்தனாரே, இந்த வில்லை தகுமா, தகாதா? நாளைக் காலைக்குள் எனக்கு விளங்க வையும். ஆனால் உம் வாயில் ஓர் எண்கூட வரக் கூடாது. வந்தால், நாற்பது குடையையும் விரித்துச் சுமந்துகொண்டு ராஜவீதியைச் சுற்ற வேண்டும்."

கூத்தனாருக்கு இடுப்புப் பிடிப்பு வேறு. குடைகளைப் பார்த்தார். ராணியின் முகத்தையும் பார்த்தார். குடை பரவாயில்லை என்று தோன்றியது.

"உத்தரவு. வில்லையில் மகாராஜாவுக்கு ரொம்பப் பிடித்தது எது?"

"துறைமுகத்தில் வில்லைக்காரருக்கென்றே மண்டபம் இருக்கிறதய்யா! பட்டு மெத்தை! பானகம் சும்மா தருகிறான்!"

"அரண்மனையில் பானகம் இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் அது நம் வெல்லத்தில் கரைத்தது. இது சும்மா!"

கூத்தனார் தலையாட்டினார். வியாதி எங்கே என்று பிடிபட்டுவிட்டது. நேராகச் சமையற்கட்டுக்குப் போய்ச் சொக்கலிங்கத்தின் காதில் ஏதோ சொன்னார்.

மறுநாள் காலை. ராஜா பலகாரத்துக்கு உட்கார்ந்தார். நெய் அதிரசத்தின் வாசனை மூக்கைத் துளைத்தது. அதிரசம் என்றால் அவருக்கு உயிர்.

"கொண்டா அதிரசம்!"

"இன்று அதிரசம் சும்மா, மகாராஜா" என்றார் கூத்தனார்.

"சும்மாவா!"

"சும்மாவேதான். மோதிரத்தைக் கட்டணமாகக் கழற்றித் தாருங்கள். இட்லி சாப்பிடச் சாப்பிடக் கிண்ணத்தில் சோழி விழும். கிண்ணம் நிறைந்தால் அதிரசம் உங்களுக்கு."

ராஜா மோதிரத்தைக் கழற்றினார். இட்லி வந்தது. சட்னி இல்லாமலே உள்ளே போனது. சோழி விழுந்தது. இட்லி போனது, சோழி விழுந்தது. கிண்ணம் நிறைய இன்னும் கொஞ்சம் இருக்கையில் ராஜாவுக்கு வியர்த்தது. இடுப்புப் பட்டையைத் தளர்த்தினார்.

"விட்டுவிடுங்களேன்" என்றாள் ராணி.

"இவ்வளவு தின்ற பிறகா? சோழி வீணாகிவிடும்!"

கடைசி இட்லியைத் தண்ணீர் குடித்துத் தள்ளினார். கிண்ணம் நிறைந்தது. சொக்கலிங்கம் அதிரசத் தட்டைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, அப்படியே திருப்பிக்கொண்டு போனார்.

"ஏய்! எங்கே போகிறாய்?"

"இன்று முகூர்த்த நாள், மகாராஜா" என்றார் கூத்தனார் பணிவாக. "முகூர்த்த நாளில் சோழிக்கு அதிரசம் தருவதில்லை. நாளைக்கு வாருங்கள். மோதிரம் வேறு கழற்ற வேண்டியிருக்கும்."

சாத்தப்பர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"என்னய்யா அநியாயம்! அதிரசம் வேண்டுமென்றால் நேரே அதிரசத்தைத் தின்றிருக்க மாட்டேனா? வேண்டாத இட்லியை எதற்காகத் தின்றேன்?"

"அதைத்தான் மகாராணி வருஷம் முழுக்கக் கேட்கிறார்கள், மகாராஜா."

ராஜா ராணியைப் பார்த்தார். அப்புறம் தூணைப் பார்த்தார்.

"சாத்தப்பரே, வெளியே வாரும். காசு கொடுத்தே போனால் மாதோட்டத்துக்குக் கூலி எவ்வளவு?"

"போய்வர ஆளுக்கு முப்பது பொன். மகாராஜா இதுவரை கேட்கவே இல்லையே..."

"ஒரு குடை விலையா!"

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றில் இட்லி இடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். வில்லையைக் கழற்றிச் சாத்தப்பரிடம் நீட்டினார்.

"வில்லைக்கு மறுபடி கட்ட இருந்த அந்த நூறு பொன்னை எடுங்கள். ராணிக்கு முப்பது. எனக்கு முப்பது. நானும் வருகிறேன்."

"நீங்களுமா? வழியெல்லாம் சும்மா பானகம் கேட்பீர்களே!" என்றாள் ராணி. அந்த வருஷத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"காசு கொடுத்தே குடிக்கிறேன், போ! வழிக்கு ஒரு பானை அதிரசம், அதற்கு ஒரு பொன். பாக்கியெல்லாம் கூத்தனாருக்கு. கூத்தனாரே, பாக்கி எவ்வளவு?"

கூத்தனார் வாயைத் திறக்கப் போனார். மூலையில் குடைகள் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டார்.

"மகாராஜா திருவிரலால் எண்ணிக் கொடுத்தால்தான் எனக்கு நிறைவு."

ராஜா எண்ணினார். கைவிரல் தீர்ந்தது. கால்விரலும் தீர்ந்தது. தூங்கும் காவலனின் கைவிரல்களைக் கடன் வாங்கினார். அவையும் தீர்ந்து, அவன் கால்விரல்களுக்கு வந்தார். எண்ணாமல் ஒரே ஒரு சுண்டுவிரல் நின்றது.

மிச்சம் முப்பத்தொன்பது பொன்.