வாய் மட்டும் போகட்டும்

"நான் விலகிக்கொள்ளப் போகிறேன்" என்றாள் மனோன்மணி, கையால்.

அருள்தாஸ் வாத்தியார் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பிறவியிலேயே காது கேளாதவர். பேச்செல்லாம் கையில்தான். அந்தக் கையில் கடலை இருக்கிறவரைக்கும் மனுஷன் மௌன விரதம்.

மனோன்மணி காத்திருந்தாள்.

அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். வாயும் குறைச்சலில்லை. எந்த அதிகாரியையும் பேசிப் பேசியே கரைத்துவிடுவாள். சைகை மொழியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் வாத்தியார். வயதில் அவளைவிட இளையவர்தான், ஆனாலும் ஒரு சிக்கல் என்றால் அவள் வந்து நிற்பது அவர் முன்னால்தான்.

அவள் தம்பி பாஸ்கரனுக்கும் காது கேட்காது. ஒருநாள் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனான். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்று அவன் காட்டியது அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது காலம் கடந்துவிட்டது.

அந்த ஆத்திரத்தில் ஆரம்பித்ததுதான் காது கேளாதோர் சமவுரிமைச் சங்கம். அன்றிலிருந்து அவள்தான் தலைவி. சங்கத்தில் சேர்ந்தவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், தலை நரைத்தது. தலைவி மட்டும் மாறவில்லை.

வாத்தியார் கடலைத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"இதைத்தானே போன வருஷமும் சொன்னீங்க?"

"சொன்னேன். விட்டுட்டுப் போக ஓர் ஆள் வேண்டாமா?"

"பர்வீன் இருக்காளே."

பர்வீன் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அவளும் பிறவியிலேயே காது கேளாதவள். அடுத்த தலைவி அவள்தான் என்று சங்கத்தில் பாதிப்பேர் பேசிக்கொள்கிறார்கள்.

மனோன்மணி படபடவென்று அடுக்கினாள். நல்ல பெண்தான், யார் இல்லை என்றது? ஆனால் மூக்குக்கு மேல் கோபம். பெரிய மனுஷர் முன்னால் மேஜையைத் தட்டுவாள். இன்றைக்குப் பதினோரு மணிக்குக் கலெக்டரைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போடுங்கள் என்று எத்தனை வருஷமாக நடையாய் நடந்திருக்கிறேன். இப்போதுதான் கனிந்து வருகிறது. இன்றைக்குக் காரியம் கெட்டால் பாஸ்கரன் செத்தது வீண். இதை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறேன்.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

மனோன்மணியின் கை அந்தரத்தில் நின்றது.

முழங்காலைத் தொட்டாள். அவர் திறக்கவில்லை. காலால் தரையை ஓங்கி மிதித்தாள். காது கேளாதவரைக் கூப்பிட அதுதான் வழக்கம், அதிர்வு உடம்பில் ஏறும். ஏறியிருக்கும். மனுஷன் அசைந்தால்தானே.

"இது என்ன விளையாட்டு வாத்தியாரே" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

கீழ்வீட்டு நாய்தான் பதில் சொன்னது.

அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். மூடிய கண் மூடியபடியே இருந்தது. எவ்வளவோ சொல்ல இருந்தது, சொல்ல வழியில்லை. இத்தனை வயதுக்கு மேல் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானமாக இருந்தது.

வாத்தியார் கண்ணைத் திறந்தார்.

"கலெக்டரிடம் வாய் மட்டும் போகட்டும். நீங்க போக வேண்டாம்."

"புரியலை."

அவர் கடலைத் தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் அவளுக்குப் பொருமல். வாய் மட்டும் போகட்டுமாம். வாய் போனால் ஆள் போகாமலா? பெரிய ஞானி என்று நினைப்பு.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் பர்வீன் நின்றிருந்தாள். கூடச் சங்கத்துக்காரர்கள் சிலர். எல்லோரும் உள்ளே போனார்கள்.

கலெக்டர் தங்கமான மனுஷர். உட்காரச் சொன்னார், எல்லோருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். பிறகு மனோன்மணியைப் பார்த்தார்.

"சொல்லுங்க மேடம். இவங்களுக்கு என்ன வேணும்?"

பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எப்போதும் அப்படித்தான். கேள்வி வரும், அவள் சொல்லிவிடுவாள். அதிகாரி ஏதோ சொல்வார், அதற்கும் பதில் சொல்லிவிடுவாள். எல்லாம் முடிந்து வெளியே வந்தபின் மற்றவர்களிடம் கையால் சொல்வாள்: நல்லபடியாகப் பேசினார், செய்கிறேன் என்றார். அவர்களும் நம்பி வீட்டுக்குப் போவார்கள்.

வாத்தியாரின் மூடிய கண் நினைவுக்கு வந்தது.

பதிலை விழுங்கினாள். பர்வீன் பக்கம் திரும்பிக் கேள்வியைக் கையில் போட்டாள். உங்களுக்கு என்ன வேணும்?

பர்வீன் விழித்தாள். பிறகு அவள் கை அசைந்தது. மனோன்மணி அதை அப்படியே வாயால் சொன்னாள்.

"அக்கா, இது என்ன கேள்வி? உங்களுக்குத் தெரியாதா?"

கலெக்டர் குழம்பிப்போனார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு. நீங்களே சொல்லிடுங்க. இவங்களுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகுது?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாருமே கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எத்தனையோ நாற்காலிகளிலிருந்து இந்த வார்த்தையை அவள் கேட்டிருக்கிறாள். ஒருமுறைகூட இவர்களிடம் சொன்னதில்லை. பாவம், மனசு நோகும் என்று தனக்குள்ளேயே புதைத்துவிடுவாள்.

இதைச் சொன்னால் பர்வீன் மேஜையைத் தட்டுவாள். அத்தோடு எல்லாம் முடிந்தது. சொல்லாவிட்டால் இன்றைக்கே கையெழுத்துக்கூட ஆகலாம்.

மனோன்மணி கையைத் தூக்கினாள்.

சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எங்கே விளங்கப்போகுது என்பதையும் சொன்னாள்.

பர்வீனின் முகம் மாறியது.

"எப்பவும் இப்படித்தான் சொல்வாங்களா?"

மனோன்மணி தலையை மட்டும் அசைத்தாள்.

பர்வீன் கலெக்டரைப் பார்க்கவில்லை. மனோன்மணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் தலை தானாகக் குனியப் பார்த்தது. குனிந்தால் பர்வீனின் கை தெரியாது. குனியாமல் இருந்தாள்.

பர்வீன் மேஜையைத் தட்டவில்லை. எழுந்தாள். தன் நாற்காலியை இழுத்துக் கலெக்டருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். பிறகு நிதானமாகக் கையை எடுத்தாள்.

மனோன்மணியின் வாய் பேசியது.

"எனக்கு நல்லா விளங்குது சார். எனக்குப் பிரசவம் ஆனது பெரியாஸ்பத்திரியில. மூச்சைப் பிடி, மூச்சை விடுன்னு டாக்டரம்மா கத்தினாங்களாம். அவங்க மாஸ்க் போட்டிருந்தாங்க. வாய் அசையறதுகூட எனக்குத் தெரியலை. கையைக் காட்டிக் கேட்கலாம்னா, என் ரெண்டு கையையும் நர்சுங்க பிடிச்சிருந்தாங்க. பிள்ளை பிறந்தது. அழலை. ஏன்னு எனக்கு யாரும் சொல்லலை. மறுநாள் என் மாமியார் வந்துதான் சொன்னாங்க."

இது மனோன்மணிக்கே தெரியாத சேதி. பிள்ளை தங்கவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள். பர்வீன் இதைச் சங்கத்தில் சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் பாஸ்கரன் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் குரல் உடைந்தது. ஆனாலும் பர்வீனின் கை நிற்கிறவரைக்கும் அவள் வாய் நிற்கவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. கலெக்டர் அடுத்த மீட்டிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பர்வீனைப் பார்த்தார், மனோன்மணியைப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் இவங்க சொல்றதா, இல்லை நீங்க சொல்றதா? சங்கத்துக்குத் தலைவர் நீங்கதானே?"

மனோன்மணியின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது.

மூடிக்கொண்டாள். பர்வீன் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியையும் கையில் போட்டாள்.

பர்வீன் சற்று யோசித்தாள். பிறகு அவள் கை அசைந்தது, கொஞ்சமே கொஞ்சம்.

எல்லோரும் மனோன்மணியின் வாயையே பார்த்தார்கள். அவள் கணீரென்று சொன்னாள்.

"நான்தான் சொல்றேன் சார். இந்த அம்மா எங்க மொழிபெயர்ப்பாளர். இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்காங்க."