நாலாவது ஃபைல்

2019 செப்டம்பர் 12, வியாழக்கிழமை, மாலை நாலு மணி. ஒன்பதாயிரம் ஃபைல்கள் கொண்ட ஒரு ஃபோல்டரின் முன்னால் சென்னியப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் ஒரே பதிலைத்தான் சொன்னது: இது நகலே இல்லை.

சென்னியப்பனுக்கு நாற்பத்தாறு வயது. கோவையில் ஒரு மில்லில் மின்னணுக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மில் மூடியதும் புதிதாகப் படித்து, மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தது நஸீமா. நஸீமாவுக்கு முப்பத்தொன்று. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

அங்கே எல்லோரும் எழுதும் புரோகிராம் பொதுவான ஒரு சர்வரில் இருக்கும். ஆளுக்கொரு நகலை இறக்கித் திருத்தி, திருத்தியதைத் திருப்பி அனுப்ப வேண்டும். எது மாறியது என்ற கணக்கு, நகலுக்குள் மறைந்திருக்கும் ஒரு குட்டி ஃபோல்டரில் இருக்கும். மதியம் கரண்ட் போனபோது கெட்டது அந்தக் குட்டி ஃபோல்டர்தான்.

குழந்தைகள் வார்டுக்கான மருந்து பம்ப் அவருடைய வேலை. நரம்பு வழியே மருந்தை அளந்து ஏற்றும் கருவி அது. அதன் அலாரம் காரணமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. சரிசெய்து மறுநாள் காலை சோதனைக்குத் தந்தால் வேலை நிரந்தரம். தராவிட்டால் அந்த வயதில் இன்னொரு கம்பெனி எடுக்காது. முழுசாக முடித்து ஒரேயடியாக அனுப்பலாம் என்று, அதுவரை ஒரு வரிகூடத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தார்.

மதியத்திலிருந்து குட்டி ஃபோல்டரைக் கையாலேயே ஒட்டுப்போட்டுப் பார்த்தார். ஒரு பிழை போனால் இன்னொன்று வந்தது. மில்லில் மெஷின் நின்றால் ஒரு தட்டு தட்டுவீர்களாமே, இதையும் தட்டிப் பாருங்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் சீண்டினார். அதன் பிறகுதான் நஸீமாவைக் கூப்பிட்டார்.

நஸீமா வந்து உட்கார்ந்தார். பிழைச் செய்தியைப் படிக்கவேயில்லை.

"இதுல நீங்க மாத்துனது எது, சார்?"

"மூணு ஃபைலுங்க, மேடம்."

எந்த மூன்று என்று கேட்டுக்கொண்டார். அடுத்த நொடி மொத்த ஃபோல்டரையும் தூக்கி வேறெங்கோ போட்டார். அது இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. சென்னியப்பன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார். போச்சா என்று கேட்டார்.

எங்கேயும் போகவில்லை, பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன் என்றார் நஸீமா. சர்வரிலிருந்து புது நகல் ஒன்றை இறக்கினார். பழையதிலிருந்து அந்த மூன்றை மட்டும் எடுத்துப் புதியதில் வைத்தார். ஓட்டிப் பார்த்தார்கள். அலாரம் அடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் அடித்தது.

டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இதற்கா மதியத்திலிருந்து மல்லுக்கட்டினேன் என்று சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். அனுப்பிவிடலாம் என்று மவுஸுக்குக் கை நீட்டினார். நஸீமா தரவில்லை.

"மீதி?"

"மீதியத் தொடவே இல்லீங்க. மூணேதான்."

சரிங்க சார் என்று சொல்லிக்கொண்டே, பழைய ஃபோல்டரையும் புதியதையும் ஒன்றுவிடாமல் ஒப்பிட்டுக் காட்டும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தார். சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. சொன்னதை நம்பவில்லையே என்று மனசுக்குள் குமைந்தார்.

மூன்றும்தான் புதியதிலும் வந்துவிட்டதே, இனி வித்தியாசம் என்று எதுவும் வரக்கூடாது. ஒன்று வந்தது.

மருந்தின் அளவைப் பார்க்கும் ஃபைல். குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவைத் தாண்டி யாராவது போட்டால் பம்பை ஓடவிடாமல் நிறுத்துகிற வரி அதில் இருந்தது. பழைய நகலில் அந்த வரி வேலை செய்யாதபடி அணைக்கப்பட்டிருந்தது; புதியதில் சரியாக இருந்தது.

யார் வேலை இது என்றுதான் சென்னியப்பன் முதலில் யோசித்தார். பிறகு நினைவு வந்தது. வேலையைத் தொடங்கிய அன்று, அலாரத்தைக் கேட்பதற்காகப் பம்பை மேசைமேல் வேகமாக ஓட்ட வேண்டியிருந்தது. அந்த வரி குறுக்கே நின்றது. கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று அணைத்தது அவர்தான்.

நான்தான் அணைத்தேன் என்று நஸீமாவிடம் சொன்னார்.

"சோதனையில கண்டுபிடிச்சிருப்பாங்கல்லீங்க?"

"அலாரத்தச் சரி பண்ணிருக்கோம்னு எழுதிக் குடுப்போம். அவங்க அலாரத்தத்தான் பார்ப்பாங்க."

பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"மேடம், நான் போட்ட ஒட்டு வேலை செஞ்சு, பழச அப்படியே அனுப்பியிருந்தா?"

நஸீமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்நேரம் ரெண்டு பேரும் சந்தோஷமா வீட்டுக்குக் கெளம்பியிருப்போம், சார்."

2020 பிப்ரவரி 18 காலை, அந்தப் பம்ப் வைத்திருந்த ஒரு வார்டில், நர்ஸ் ஒருவர் 5 என்று போட வேண்டிய இடத்தில் 50 என்று அழுத்தினார். பம்ப் ஓடவில்லை.